ஊரப்பாக்கத்துக் கருங்கல்லும் கரியமில வாயுவும்

கரியமில வாயு என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன? மூச்சில் வெளியே விடும் கழிவு, வண்டிப் புகை, புவி வெப்பமடைதல், உருகும் பனிமலை. மொத்தத்தில் ஒரு வில்லன். பள்ளிப் புத்தகம் தொடங்கி தொலைக்காட்சி வரை அதற்கு அந்த வேடம்தான். ஆனால் இந்த வில்லன் இல்லாவிட்டால் படமே இல்லை! பூமியில் உயிர்கள் தோன்றி, உறைந்து போகாமல், சாப்பாட்டுக்கு வழியுடன் இத்தனை கோடி ஆண்டுகள் இருந்ததற்குக் காற்றில் மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் இந்த வாயுவே பெரிய காரணம்.

இதைப் புரிந்துகொள்ள அண்டார்டிகாவுக்கோ ஹவாய் தீவுக்கோ போக வேண்டியதில்லை. ஊரப்பாக்கத்தில் நின்றுகொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போகும் ஜல்லி லாரிகளைப் பார்த்தாலே கதை தொடங்கிவிடும்.

வண்டலூர் உயிரியல் பூங்காவை ஒட்டிய குன்றுகள், பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை என்று வரிசையாக இருக்கும் மலைகளில் ஒரே மாதிரியான கல்தான் கிடைக்கிறது. உடைத்த புதிய முகத்தைப் பார்த்தால் கருநீலமாக, எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுமினுப்பு இருக்கும். கட்டட வேலை செய்பவர்களுக்கு அது கருங்கல், உடைத்தால் ஜல்லி. ஆங்கிலம் கலந்து பேசுபவர்களுக்கு புளூமெட்டல். புவியியலாளர்களுக்கு அதன் பெயர் சார்னோகைட். உலகம் முழுக்க, நார்வேயானாலும் அண்டார்டிகாவானாலும், இந்த வகைக் கல்லை சார்னோகைட் என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு மூலக்கல் நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்.

பெயர் வந்த விதம் கொஞ்சம் வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகத் தளத்தை அமைத்தவர் ஜாப் சார்னாக். (கல்கத்தாவின் நிறுவனர் என்று அவரைச் சொல்லக்கூடாது என 2003-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அது தனிக் கதை.) அவர் 1690-களின் தொடக்கத்தில் இறந்தார். கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கும் அவருடைய கல்லறைக்கான கல், சென்னைப் பக்கத்திலிருந்து கடல் வழியாகப் போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து 1893-ல் ஒரு கட்டுரை எழுதினார். சென்னைக்கு அருகே மலை மலையாக நிற்கும் பாறையும் இதுவும் ஒன்றே என்று கண்டு, சார்னாக்கின் நினைவாகப் பெயர் வைத்தார். 1900-ல் இந்தப் பாறைக் குடும்பம் முழுவதையும் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பல்லவர் காலத்தில் மகேந்திரவர்மன் பல்லாவரத்தில் குடைந்த குகைக் கோயிலும் இந்த மலையில்தான் இருக்கிறது. பரங்கிமலைப் பாறையை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாகவும் அறிவித்திருக்கிறார்கள். இது தெரிந்தவர்கள் நம்மூரில் எத்தனை பேர்?

சரி, இந்தக் கல்லுக்கும் கரியமில வாயுவுக்கும் என்ன தொடர்பு?

சார்னோகைட் மேற்பரப்பில் உருவான கல் அல்ல. பூமியின் மேலோட்டில் இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில், தண்ணீர் மிகக் குறைந்த சூழ்நிலையில் உருவானது. சென்னைப் பகுதியில் இதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்தே ஆறரைக் கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இதன் முதுமை புரியும். இவ்வளவு ஆழத்தில் இருந்த பாறையில் தண்ணீர் ஏன் குறைந்தது என்பது நீண்ட நாள் புதிராக இருந்தது.

இதற்கு முதல் துப்பு கர்நாடகத்தில் கிடைத்தது. மைசூர் மாநிலத்தின் புவியியலாளர் சி. எஸ். பிச்சமுத்து, கப்பால் என்ற ஊர் குவாரியில் சாம்பல் நிறப் பாறையின் நடுவே கருநிறச் சார்னோகைட் திட்டுத் திட்டாகவும் கீற்றுக் கீற்றாகவும் பரவியிருப்பதைக் கவனித்தார். ஒரு வகைப் பாறை இன்னொரு வகையாக மாறிக்கொண்டிருக்கும்போது யாரோ பாதியில் நிறுத்தி வைத்தது போன்ற காட்சி அது. 1960-ல் நேச்சர் இதழில் அதை எழுதினார். பிறகு 1971-ல் ழாக் துரே என்ற புவியியலாளர் நார்வே நாட்டின் ஆழ்பாறைகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, கனிமங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் இருந்தன. உள்ளே இருந்தது தண்ணீர் அல்ல, அழுத்தப்பட்ட கரியமில வாயு! தென்னிந்தியச் சார்னோகைட்டுகளிலும் இதே குமிழிகள் பரவலாகக் கிடைத்தன. 1979-ல் ஜனார்த்தன், நியூட்டன் ஆகியோரின் குழு கப்பால் பாறையை வைத்து ஒரு விளக்கம் தந்தது. ஆழத்திலிருந்து மேலேறிய கரியமில வாயு, பாறையில் இருந்த நீரை விரட்டிவிட்டு அதைச் சார்னோகைட்டாக மாற்றியது என்பது அதன் சாரம். எல்லாச் சார்னோகைட்டும் இப்படித்தான் வந்ததா, அல்லது பாறை உருகிய குழம்பு நீரை எடுத்துக்கொண்டு போய்விட்டதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. குமிழிகளில் இருப்பது கரியமில வாயு என்பதில் மட்டும் வாதம் இல்லை.

ஆக, ஜல்லி லாரியில் போவது வெறும் கல் அல்ல. கோடானுகோடி ஆண்டுகளாகப் பூட்டி வைத்த கரியமில வாயுவும் கூடவே போகிறது.

இந்தப் பாறை உருவான நாளில் பூமி எப்படி இருந்தது? காற்றில் சுவாசிக்கும் அளவுக்கு ஆக்சிஜன் இல்லை. கடலில் நுண்ணுயிர்கள் மட்டும் இருந்தன. முக்கியமான விஷயம், சூரியன் இப்போது இருப்பதை விடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மங்கலாக இருந்தது. விண்மீன்கள் வயதாக ஆகத்தான் பிரகாசமாகின்றன. கணக்குப்படி பார்த்தால் அன்றைய பூமி முழுக்கப் பனிக்கட்டியாகக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் 380 கோடி ஆண்டுகள் பழைய கிரீன்லாந்துப் பாறைகளிலேயே தண்ணீர் ஓடிப் படிந்த தடயம் இருக்கிறது. இந்த முரண்பாட்டை கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் 1972-ல் எடுத்துக்காட்டினார்கள். காற்றில் அன்று வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்கள் மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும் என்பதுதான் பொருத்தமான விடை. மீத்தேனுக்கும் இதில் பங்கு உண்டு என்றாலும், முதன்மைப் பாத்திரம் கரியமில வாயுவுக்குத்தான்.

வெப்பத்தைப் பிடித்து வைக்கும் அந்தக் குணத்தை முதலில் சோதனையில் கண்டவர் யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1856-ல் இரண்டு கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்து, கரியமில வாயு நிரப்பிய குழாய் மற்றதைவிட அதிகம் சூடாவதையும் மெதுவாக ஆறுவதையும் அளந்தார். அவரைப் பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1859-ல் ஜான் டின்டால் இன்னும் துல்லியமாக, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களை இந்த வாயு உறிஞ்சுகிறது என்று நிறுவினார். பெயர் ஒற்றுமைக்காக ஒன்று: நம் பல்லாவரத்துக்கும் ஒரு ஃபூட் உண்டு. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் வரலாற்றையே பின்னுக்குத் தள்ளிய ராபர்ட் புரூஸ் ஃபூட். இருவருக்கும் உறவு எதுவும் இல்லை.

இந்த வாயுக்களும் நீராவியும் காற்றில் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதால் சுமார் 15 டிகிரி. மார்கழிக் குளிருக்கே போர்வை தேடும் செங்கல்பட்டுக்காரர்கள் இந்த 33 டிகிரியின் அருமையைப் புரிந்துகொள்வார்கள்! நீராவிதான் இதில் பெரும் பங்கு என்று சிலர் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் நீராவி குளிர்ந்தால் மழையாகக் கொட்டிவிடும். கரியமில வாயு அப்படிக் கொட்டாது. அது நின்று சூடாக்குவதால்தான் நீராவியும் காற்றில் தங்குகிறது.

ஆனால் அதிகமாக இருந்தால்? வெள்ளிக் கோளைப் பாருங்கள். அதன் காற்றில் 96 சதவீதம் கரியமில வாயு, தரையின் வெப்பம் 460 டிகிரி. ஈயம் உருகிவிடும். பூமியில் அந்த நிலை ஏன் வரவில்லை? மங்கலான சூரியன் மெல்ல மெல்லப் பிரகாசமானபோது, கரியமில வாயு மட்டும் அப்படியே இருந்திருந்தால் நாமும் வெந்து போயிருப்போம். யாரோ அடுப்பைப் பார்த்துப் பார்த்துக் குறைத்திருக்கிறார்கள். அந்த 'யாரோ' வேறு யாருமில்லை, மழையும் கருங்கல்லும்தான்.

மழைத்துளி காற்றில் வரும்போதே கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அதனால் சுத்தமான மழைநீரும் மிக மெல்லிய அமிலம்தான், கிட்டத்தட்ட சோடாவின் தூரத்து உறவினர். வண்டலூர்க் குன்றில் விழும் மழை அங்குள்ள சார்னோகைட்டை நுணுக்கமாக அரிக்கிறது. பாறையில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கரைந்து வெளியேறுகின்றன, மிச்சம் களிமண்ணாகிறது. காற்றில் வாயுவாக இருந்த கார்பன் இப்போது நீரில் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. ஊரப்பாக்கத்துக்கு மேற்கே ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறு அதைச் சுமந்துகொண்டு வங்கக் கடலுக்குப் போகிறது. தெற்கே பாலாறும் அதே வேலையைச் செய்கிறது. கடலில் கிளிஞ்சல்களும் சங்குகளும் பவளங்களும் அந்தக் கால்சியத்தையும் கார்பனையும் சேர்த்து ஓடு கட்டுகின்றன. இறந்ததும் அடியில் படிந்து சுண்ணாம்புக் கல்லாகின்றன. இப்படிப் படிந்த பாறையில் ஒரு பகுதி கோடிக்கணக்கான ஆண்டுகளில் கடல்தரையோடு சேர்ந்து பூமிக்குள் இழுக்கப்பட்டு, எரிமலை வழியாகக் கரியமில வாயுவாகவே திரும்பி வருகிறது. வட்டம் முடிந்தது.

இந்தக் கருத்தின் முதல் வடிவத்தை 1845-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் எபெல்மான் எழுதிவிட்டார். அதுவும் மறந்து போயிற்று. 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர்தான் இது ஒரு தானியங்கி என்பதைக் காட்டினார்கள். பூமி சூடானால் மழை கூடும், பாறை வேகமாகக் கரையும், கரியமில வாயு குறையும், பூமி குளிரும். ரொம்பக் குளிர்ந்தால் பாறை கரைவது மந்தமாகும். எரிமலை விடும் வாயு காற்றில் சேர்ந்துகொண்டே போகும், பூமி மறுபடி சூடாகும். இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் தானே அணைந்து, ஆறினால் தானே எரியும் அமைப்பு இருக்கிறதல்லவா, அதேதான்.

இந்த அமைப்பும் சில முறை திண்டாடியிருக்கிறது. சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கும் 63 கோடி ஆண்டுகளுக்கும் இடையே பூமி இரண்டு முறை துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை பனியால் மூடப்பட்டது. பனி வெள்ளையாக இருப்பதால் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் மீளவே முடியாத நிலை போலத்தான் தோன்றும். ஆனால் பனிக்கு அடியில் எரிமலைகள் ஓயவில்லை. பாறையைக் கரைக்க மழையும் இல்லை. எனவே கரியமில வாயு பல லட்சம் ஆண்டுகள் சேர்ந்து சேர்ந்து கடைசியில் பனியை உருக்கிவிட்டது. அந்தப் பனிக்காலப் படிவுகளுக்கு நேர் மேலே பல கண்டங்களில் திடீரென்று சுண்ணாம்புப் பாறை அடுக்கு வருகிறது. மிதமிஞ்சிச் சேர்ந்த வாயுவை மழை கழுவிக் கடலில் சேர்த்ததன் அடையாளம் அது. பனி விலகிய பிறகுதான் கடலில் விலங்குகள் பெருகின. அந்த வாயு அன்று சேராமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையைப் படிக்க யாரும் இல்லை.

இனி கிளிஞ்சலுக்கு வருவோம். இயற்கை கோடி ஆண்டுகள் எடுத்துச் செய்யும் அந்த வட்டத்தை, இந்தக் கடற்கரையின் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்கள் சில நாட்களில் செய்து முடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? கடலோரத்திலும் உப்பங்கழிகளிலும் வாரிய கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிச் சுடுவார்கள். சுட்டால் 100 கிலோ சுத்தமான கிளிஞ்சலில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும். மிச்சம் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொடியாகும். அதில் மணல், வெல்லம், கடுக்காய் என்று சேர்த்து அரைத்து, மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கருவும் கலந்து சுவரில் பூசித் தேய்த்தால் பளிங்கு போல மின்னும். மெட்ராஸ் சுணாம் என்று வெள்ளைக்காரர்கள் வியந்தது இந்தப் பூச்சைத்தான். அந்தச் சுவர் காய்வது என்று நாம் சொல்வது வெறும் ஈரம் உலர்வது அல்ல. பூசிய சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழையபடி கிளிஞ்சலின் பொருளாகவே ஆகிவிடுகிறது. பல ஆண்டுகள் ஆக ஆகச் சுவர் உறுதியாவது அதனால்தான்.

காளவாயில் பறந்து போவது என்ன என்று நம் ஆட்கள் கேட்டார்களோ இல்லையோ, ஸ்காட்லாந்தில் ஒரு மாணவர் கேட்டார். ஜோசப் பிளாக் என்பது அவர் பெயர். சிறுநீர்ப்பைக் கல்லைக் கரைக்க மருந்து தேடிக்கொண்டிருந்தவர், சுண்ணாம்பும் மக்னீசியாவும் சுடும்போது எடை குறைவதைத் தராசில் வைத்து அளந்தார். 1754-ல் மருத்துவப் பட்டத்துக்கு எழுதி, 1756-ல் விரிவாக வெளியிட்டார். குறைந்த எடை ஒரு காற்றுடையது, அது சாதாரணக் காற்று அல்ல, கல்லுக்குள் பிடிபட்டிருந்த தனி வகைக் காற்று என்றார். நம் மூச்சிலும் அதுவே இருக்கிறது என்பதைச் சுண்ணாம்பு நீரில் ஊதிப் பார்த்துக் காட்டினார். நீர் பால்போல் கலங்கும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் எல்லோரும் ஸ்ட்ரா வைத்து ஊதிய அதே சோதனைதான். காற்று என்பது ஒரே பொருள் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் நம்பியது அன்றோடு முடிந்தது. அடுத்து ஜோசப் பிரீஸ்ட்லி இந்த வாயுவைத் தண்ணீரில் கரைக்கும் முறையை 1772-ல் வெளியிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1872-ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்ணாடிக் கோலி அடைத்த பாட்டிலுக்கு உரிமம் பெற்றார். உள்ளே இருக்கும் கரியமில வாயுவின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி மூடிக்கொள்ளும். கோலி சோடாவை உடைக்கும்போது வரும் அந்தச் சத்தம், கல்லில் இருந்து வந்த அதே வாயுவின் சத்தம்!

இதுவரை சொன்னது சூடு பற்றி. சாப்பாடு பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான்.

17-ம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் ஒரு தொட்டியில் மண்ணை எடை போட்டு வில்லோ மரக் கன்று நட்டார். ஐந்து ஆண்டுகளில் மரம் 164 பவுண்டு கூடியது. மண் குறைந்ததோ இரண்டு அவுன்சு மட்டும். மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று முடிவு கட்டிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே இவர்தான். கரி எரிந்தால் வரும் வாயுவுக்குத் தனிப் பெயரும் வைத்தார். மரத்தைக் கட்டிய பொருள் அந்த வாயுவில்தான் இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. அது தெரிய இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயிற்று. 1779-ல் இங்கன்ஹௌஸ் வெளிச்சம் தேவை என்றார். 1782-ல் செனபியே கரியமில வாயு தேவை என்றார். 1804-ல் சோசூர் அளந்து காட்டினார். நெல்லின் உலர்ந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு கார்பன். அவ்வளவும் காற்றிலிருந்து வந்தது. மண் கொடுப்பது உப்பும் சத்தும் மட்டுமே. சோறாகட்டும், அதைச் சமைத்த விறகாகட்டும், சாப்பிட்டவர் உடம்பாகட்டும், எல்லாமே ஒரு காலத்தில் கரியமில வாயுவாக இருந்தவைதான். மனிதன் மூச்சில் நாளுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வெளியே விட்டாலும் அது புவியைச் சூடாக்காததற்குக் காரணமும் இதுவே. சாப்பாட்டில் வாங்கியதைத்தான் திருப்பித் தருகிறான்.

ஊரப்பாக்கத்துக்கு வடமேற்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வெளிர் நிறக் களிப்பாறைகளில் இலைகளின் பதிவு கிடைக்கிறது. புரூஸ் ஃபூட் காலத்திலிருந்தே புவியியலாளர்களுக்குத் தெரிந்த இடம் அது. டைலோஃபில்லம் என்ற, சைக்கஸ் செடி போன்ற இலைகள் அவற்றில் அதிகம். அவை பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கிரிட்டேசியஸ் காலத்தவை. கார்கள் தயாரிக்கும் ஊரில் டைனோசர் காலத்து இலைகள்! அந்தக் காலத்துக் காற்றில் கரியமில வாயு இன்றைவிட அதிகம். துருவங்களில் இன்றுள்ளது போன்ற பனிக்கவசம் இல்லை. பழைய இலைகளின் மேல்தோல் நன்றாகப் பாதுகாக்கப்பட்டிருந்தால், அதில் உள்ள இலைத்துளைகளை எண்ணி அன்றைய வாயு அளவைக் கணிக்கிறார்கள். வாயு அதிகமிருந்தால் செடிக்குக் குறைவான துளைகளே போதும். 1987-ல் உட்வர்ட் என்பவர் கடந்த இருநூறு ஆண்டு உலர் இலைகளை வைத்து இதை நிரூபித்தார்.

அதன் பிறகு இமயமலை எழுந்து, புதிய பாறைகள் மழைக்கு வெளிப்பட்டு, வேறு காரணங்களும் சேர்ந்து வாயு குறைந்துகொண்டே வந்தது. செடிகளுக்குப் பஞ்சம் தொடங்கியது. கடந்த மூன்று கோடி ஆண்டுகளில் சில தாவரங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. கிடைக்கிற கொஞ்ச வாயுவையும் இலைக்குள் ஓரிடத்தில் அடர்த்தியாகச் சேர்த்துப் பயன்படுத்தின. கரும்பு, சோளம், கம்பு, கேழ்வரகு, அறுகம்புல் எல்லாம் இந்தக் கூட்டம். நெல் அந்த வித்தையைக் கற்கவில்லை. அதை நெல்லுக்குக் கற்றுக்கொடுக்க சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 2008 முதல் ஒரு பெரிய திட்டம் நடத்தியும் இன்னும் வயலுக்கு வந்தபாடில்லை. கேழ்வரகு தானே செய்துவிட்டதை நினைத்தால் கேழ்வரகுக் கூழ் மேல் ஒரு மரியாதை வருகிறது.

இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 180, 190 பங்கு வரை இறங்கியது. அண்டார்டிகாப் பனிக்குள் சிக்கிய காற்றுக் குமிழிகளில் அளந்த கணக்கு இது. சார்னோகைட்டில் ஒரு குமிழி, பனியில் ஒரு குமிழி. பூமி நாட்குறிப்பு எழுதும் முறையே இதுதான் போலும்! 150-க்குக் கீழே போனால் நெல் போன்ற செடிகள் பிழைப்பதே கடினம். அந்த விளிம்புக்கு மிக அருகில் போய்த் திரும்பியிருக்கிறோம். அன்று கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் தாழ்வு. மாமல்லபுரத்தில் இன்று அலை மோதும் இடத்திலிருந்து கடலைப் பார்க்கப் பல கிலோமீட்டர் கிழக்கே நடக்க வேண்டியிருந்திருக்கும். பனி உருகத் தொடங்கி, வாயு 260 அளவுக்கு ஏறிய பிறகே விவசாயம் தொடங்கியது.

1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாயில் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. 2024-ல் 420-ஐத் தாண்டிவிட்டது. குறைந்தது எட்டு லட்சம் ஆண்டுப் பனிப் பதிவில் 300-ஐக் கொஞ்சம் தொட்டதற்கு மேல் எங்கும் இல்லை. வாயு செடிக்குச் சாப்பாடு என்றால் கூடினால் நல்லதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். வாயு கூடினால் நெல் கொஞ்சம் அதிகம் விளையும் என்பது உண்மையே. ஆனால் பூக்கும் நேரத்தில் 35 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் மணி பதராகிவிடும். போதாததற்கு வாயு கூடிய வயலில் விளைந்த அரிசியில் துத்தநாகமும் இரும்பும் புரதமும் குறைவதை 2014-ல் வெளியான ஆய்வு காட்டியது. சாப்பாடு என்பதற்காக ஒரே வேளையில் ஒரு மூட்டை சாப்பிட முடியுமா?

இங்கே வேகம்தான் பிரச்சினை. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவதைப் போல பல பத்து மடங்கை நிலக்கரியும் பெட்ரோலும் சிமெண்ட் சூளைகளும் விடுகின்றன. சிமெண்ட் சூளை என்பது நம் சுண்ணாம்புக் காளவாயின் பூதாகரமான பேரன். பறக்கும் வாயு அதேதான், ஆனால் சிமெண்ட் அதில் ஒரு பகுதியை மட்டுமே, அதுவும் மெதுவாகத் திரும்ப வாங்குகிறது. கருங்கல்லும் மழையும் மிச்சத்தை எடுத்து முடிக்காமல் விடப் போவதில்லை. அவற்றுக்குச் சில லட்சம் ஆண்டுகள் தேவை, அவ்வளவுதான்.

அந்த வேலையை வேகப்படுத்த இப்போது முயல்கிறார்கள். கல்லை மாவாக அரைத்து வயலில் தூவினால் கரையும் பரப்பு பல்லாயிரம் மடங்கு கூடும் என்பது யோசனை. இந்தியாவில் நெல் விவசாயிகளின் வயல்களில் பசால்ட் கல்மாவைத் தூவும் மாட்டி கார்பன் என்ற அமைப்புக்கு 2025 ஏப்ரலில் எக்ஸ்பிரைஸ் போட்டியின் 5 கோடி டாலர் முதல் பரிசு கிடைத்தது. அதற்குத் தக்காணத்து எரிமலைக் கல் தோதானது. நம் பக்கத்துச் சார்னோகைட்டில் பெரும்பகுதி குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் நிறைந்தது, கால்சியமும் மக்னீசியமும் குறைவு, கரைவதும் மெதுவாக. அதனால் அது எம்-சாண்ட் ஆகி வீடு கட்டத்தான் போகிறது.

கல் எடுத்து முடித்த பழைய குவாரிகளில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. சென்னை தண்ணீருக்குத் தவித்த 2017-லும் 2019-லும் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரம் குவாரி நீரைச் சுத்திகரித்துக் குழாயில் விட்டார்கள். அந்த நீரில் கரைந்திருந்த கால்சியத்தில் ஒரு துளியாவது, காற்றிலிருந்த கரியமில வாயு மழையோடு இறங்கி அந்தக் கருங்கல் சுவரிலிருந்து பிரித்தெடுத்ததாக இருக்கும்.